துயரிலும் தளராத உள்ளம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மில்வாக்கி மாநகருக்குத் தெற்கே ஓக் கிரீக் என்ற சிறிய நகரம் இருக்கிறது. அங்கே சீக்கிய அன்பர்கள் எழுப்பியுள்ள குருத்வாராவினுள், வழிபாட்டுக் கூடத்திற்குச் செல்லும் வாயிலின் நிலைச்சட்டத்தில் ஒரு சிறு துளையைக் காணலாம். அது துப்பாக்கிக் குண்டு துளைத்த வடு. அந்தக் கட்டடத்திலிருந்த மற்ற வடுக்களையெல்லாம் பூசிச் செப்பனிட்ட அன்பர்கள், இந்த ஒன்றை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். அதனருகே ஒரு சிறிய தகடு. 'நாம் ஒன்றே' என்று பொருள்படும் சொற்களும், 2012 ஆகஸ்ட் 5 என்ற நாளும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன.

வழிபட வருபவர் ஒவ்வொருவரும் அந்த வடுவைக் கடந்துதான் இறைவனின் சந்நிதிக்குள் நுழைகிறார். துயரத்தை மறைக்க வேண்டியதில்லை. அதன் முன்னாலேயே நின்றுவிடவும் வேண்டியதில்லை. அதைப் பார்த்தபடியே உள்ளே செல்லலாம் என்று அந்த வாயில் மௌனமாக உபதேசிக்கிறது.

குற்றமற்ற உயிர்கள் அநியாயமாகப் பறிக்கப்படும்போது இறைநம்பிக்கை என்ன ஆகிறது? அழுவது பக்திக் குறைவா? 'எல்லாம் கர்மவினை' என்று கூறுவது ஆறுதலாகுமா? கொன்றவனை மன்னித்தே ஆகவேண்டுமா? ஆன்மிக வாழ்வில் ஈடுபட்ட எவரும் என்றேனும் ஒருநாள் சந்திக்க நேரும் கேள்விகள் இவை. ஓக் கிரீக் அன்பர்களின் வாழ்வையும், மகான்களின் அனுபவங்களையும், இதிகாச புராணங்களையும் துணைகொண்டு இவற்றை ஆராய்வது பயனுள்ளதாகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2012 ஆகஸ்ட் 5, ஞாயிற்றுக்கிழமை. காலை வழிபாட்டிற்காக அன்பர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தனர். சமையற்கூடத்தில் பெண்கள் 'லங்கர்' எனப்படும் பொது உணவைத் தயாரித்துக் கொண்டிருந்தனர். சாதி, மதம், செல்வம் என்ற எந்த வேற்றுமையும் பாராமல், வருகின்ற அனைவரையும் சமமாக அமர்த்தி உணவளிப்பது, குரு நானக் தேவர் காலம் தொட்டு வரும் மரபு.

காலை பத்தரை மணியளவில் வெள்ளை இனவெறிக் கொள்கையில் ஊறிய, முன்னாள் இராணுவ வீரன் ஒருவன் கைத்துப்பாக்கியுடன் அங்கே வந்தான். வெளியே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகள் அவன் சுடுவதைக் கண்டு உள்ளே ஓடி எச்சரித்தனர். அதனால் பலர் ஒளிந்து உயிர் தப்பினர். சமையற்கூடத்துப் பெண்கள் பொருள்கள் வைக்கும் சிறிய அறைக்குள் நெருக்கியடித்து நின்றனர். குருத்வாராவின் தலைவரான 65 வயது சத்வந்த் சிங் கலேகா, கையில் கிடைத்த ஒரு சிறு கத்தியுடன் கொலையாளியைத் தடுக்க முயன்று உயிரிழந்தார். அவருடன் மேலும் ஐவர் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் 84 வயது முதியவர். மற்றொருவர் இரு மகன்களின் தாய்.

முதலில் அங்கு வந்துசேர்ந்த காவல்துறை அதிகாரி பிரையன் மர்ஃபியின் உடலில் 15 குண்டுகள் பாய்ந்தன. இரத்தம் பெருகக் கிடந்த நிலையிலும், தமக்கு உதவ வந்த சக காவலர்களை உள்ளே இருப்பவர்களைக் கவனிக்குமாறு அவர் சைகை காட்டினார். அவர் உயிர் பிழைத்தார். மற்றொரு காவலரின் குண்டால் காயமுற்ற கொலையாளி, தன்னைத் தானே சுட்டுக்கொண்டு மடிந்தான். அவனது பெயர் இங்கே தேவையில்லை.

தலையில் குண்டு பாய்ந்த பாபா பஞ்சாப் சிங் என்ற சமயப் பெரியவர், பேசவும் அசையவும் இயலாதவராக ஏழரை ஆண்டுகளுக்கும் மேலாகப் படுக்கையிலேயே வாழ்ந்து, 2020 மார்ச் மாதத்தில் காலமானார். அவரையும் சேர்த்து மறைந்தவர்கள் எழுவர்.

புலனாய்வாளர்கள் அந்த வாரத்திலேயே கட்டடத்தை அன்பர்களிடம் ஒப்படைத்தனர். அவர்கள் தங்கள் கைகளாலேயே இரத்தக் கறைகளைக் கழுவினர், சுவர்களைப் பூசினர், விரிப்புகளை மாற்றினர். ஆகஸ்ட் 10-ஆம் நாள் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் நடந்த இறுதி அஞ்சலியில் பல்லாயிரவர் கூடினர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே கூடத்தில் மீண்டும் வழிபாடு நடந்தது. கதவு யாருக்கும் அடைக்கப்படவில்லை.

அழுகை அஞ்ஞானம் ஆகாது

சீக்கிய சமயத்தில் 'சர்தி கலா' என்றொரு சொல் உண்டு. எந்நிலையிலும் தாழாமல் மேலெழும் உள்ளம் என்பது அதன் பொருள். அன்றாடப் பிரார்த்தனையின் முடிவில் இந்த மனநிலையை இறைவனிடம் வேண்டிப் பெறுவது சீக்கியர்களின் வழக்கம். பாபா பஞ்சாப் சிங் படுக்கையில் கிடந்த ஆண்டுகளில், அவர் சர்தி கலாவில் இருக்கிறாரா என்று கேட்கப்பட்டபோது, கண்களை இருமுறை இமைத்து 'ஆம்' என்று உணர்த்தினார். நாவும் கைகால்களும் செயலற்றுப்போன ஒருவரிடம் எஞ்சியிருந்தது அந்த இமைப்பு மட்டுமே. அதையும் அவர் நம்பிக்கைக்கே அளித்தார்.

சர்தி கலா என்பதைத் துயரமே இல்லாத நிலை என்று தவறாகப் பொருள் கொள்ளக் கூடாது. ஓக் கிரீக் அன்பர்கள் கதறி அழுதார்கள். தந்தையை இழந்த மக்களும், தாயை இழந்த பிள்ளைகளும், கணவனை இழந்த மனைவியரும் பல ஆண்டுகள் அந்த வேதனையைச் சுமந்தார்கள். கண்ணீரின் நடுவிலும் உள்ளம் இறைவனைப் பற்றி நிற்பதே சர்தி கலா.

இந்த இடத்தில் ஆன்மிக நாட்டமுடையவர்களிடையே நிலவும் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். ஆன்மா அழிவற்றது என்று அறிந்தவன் அழமாட்டான். அழுபவன் இன்னும் அறியாமையில் இருப்பவன் என்று பலர் கருதுகிறார்கள். மகான்களின் வாழ்க்கை இதை ஆதரிக்கவில்லை.

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் அண்ணன் மகன் அட்சயன் இளம் வயதிலேயே காலமானான். உயிர் பிரிந்தபோது அருகிலிருந்த குருதேவர், உறையிலிருந்து வாள் உருவப்படுவதுபோல் உடலிலிருந்து ஆன்மா வெளியேறுவதைக் கண்டு சிறிதும் கலங்காமல் நின்றார். ஆனால் மறுநாள், ஈரத் துணியை முறுக்கிப் பிழிவதுபோல் தமது நெஞ்சு பிழியப்பட்டதாக அவரே பின்னர் பக்தர்களிடம் கூறினார். ஆன்மாவின் அமரத்தன்மையை நேருக்கு நேர் கண்டவருக்கே மறுநாள் அந்த வேதனை வந்ததென்றால், இல்லறத்தார் அதற்காக வெட்கப்பட வேண்டியது என்ன இருக்கிறது?

சுவாமி விவேகானந்தரின் வாழ்விலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1890-இல் குருதேவரின் இல்லறச் சீடரான பலராம் போஸ் காலமான செய்தி கேட்டு, காசியில் தங்கியிருந்த சுவாமிஜி கண்ணீர் வடித்தார். துறவி இவ்வாறு துயருறலாமா என்று அறிஞர் பிரமததாச மித்திரர் வியப்புடன் கேட்டார். துறவியானதால் இதயத்தைத் தொலைத்துவிட வேண்டுமா என்ற கருத்தில் சுவாமிஜி அவருக்கு மறுமொழி கூறினார். துறவியின் இதயம் மற்றவர்களுடையதைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்பதே அவரது எண்ணம்.

மகாபாரதத்தில் இதற்கு இன்னும் வலுவான சான்று கிடைக்கிறது. கீதையைப் பகவானின் திருவாயாலேயே கேட்டவன் அர்ஜுனன். அந்த உபதேசம் போரின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. போரின் பதின்மூன்றாம் நாள் மாலையில், மகன் அபிமன்யுவைக் காணாமல் பாசறைக்குள் நுழைந்த அர்ஜுனன் தாங்கொணாத் துயரில் புலம்பினான். 'இதற்குள் நான் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டாயா?' என்று கண்ணன் அவனைக் கடிந்துகொண்டதாக வியாசர் எழுதவில்லை. வீரர்களின் வழி இது என்று எடுத்துக்கூறி, துயரில் வாடும் சகோதரர்களைத் தேற்றுமாறு அவனை மெல்லத் திருப்பினார் கண்ணன். உண்மையை உணர்த்துவதற்கு ஒரு வேளை உண்டு. அரவணைப்பதற்கும் ஒரு வேளை உண்டு. இரண்டையும் ஒருவரே செய்தார் என்பதை ஆழ்ந்து எண்ண வேண்டும்.

'ஏன்?' என்ற கேள்வி

துயருற்றவர் உள்ளத்தில் எழும் முதற்கேள்வி, 'ஏன் இப்படி நேர்ந்தது?' என்பதே. ஓக் கிரீக் படுகொலையைப் பற்றிய விசாரணை 2012 நவம்பரில் நிறைவடைந்தது. கொலையாளி தனியாகவே செயல்பட்டான் என்ற முடிவுக்குப் புலனாய்வாளர்கள் வந்தனர். ஆனால் அந்தக் குருத்வாராவை, அந்த நாளை அவன் ஏன் தேர்ந்தெடுத்தான் என்பதற்குத் திட்டவட்டமான விடை கிடைக்கவில்லை. அதை அறிந்த ஒரே மனிதன் அவன். அவனோ உயிருடன் இல்லை.

உலகியல் விடை கிடைக்காத இடத்தில் சமய விடை ஒன்றை விரைந்து வைத்துவிட மனம் துடிக்கிறது. 'முற்பிறவி வினை', 'விதி', 'இறைவனின் சோதனை' என்ற சொற்கள் துக்க வீடுகளில் தாராளமாகப் புழங்குகின்றன. கர்மக் கோட்பாடு பாரத ஞானத்தின் அடித்தளங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அது எதற்காகக் கூறப்பட்டது? தன் வாழ்க்கைக்குத் தானே பொறுப்பேற்று, இனி நற்செயல் புரியும் ஊக்கத்தை மனிதன் பெறுவதற்காகவே கூறப்பட்டது. பிறருடைய துன்பத்திற்குத் தீர்ப்பு எழுதுவதற்காக அது கூறப்படவில்லை. 'என் துன்பத்திற்கு என் வினையே காரணம்' என்று ஒருவர் தமக்குள் எண்ணினால் அது பணிவு. 'உன் துன்பத்திற்கு உன் வினையே காரணம்' என்று பிறரிடம் சொன்னால் அது கொடுமை. சொல் ஒன்றேயாயினும், சொல்பவரும் கேட்பவரும் மாறும்போது மருந்து நஞ்சாகிறது.

மேலும், ஒருவன் ஆயுதம் ஏந்திக் குற்றமற்றவர்களைக் கொன்றதை 'விதி' என்று மட்டும் கூறினால், கொன்றவனின் பொறுப்பு மறைந்துவிடுகிறது. அவன் உள்ளத்தில் வெறுப்பை வளர்த்தவர்களின் பொறுப்பும் மறைந்துவிடுகிறது. சீக்கியர்கள் இறைவனின் ஆணையை 'ஹுகம்' என்பார்கள். அதற்குத் தலைவணங்குவது அவர்களது சமயத்தின் உயிர்நாடி. ஆனால் அந்த மரபில் வந்த குருமார்கள் ஹுகத்தைக் காரணம் காட்டி அநீதியை ஏற்றுக்கொண்டதில்லை. மற்றவர்களின் சமய உரிமைக்காக 1675-இல் டெல்லியில் தலையைக் கொடுத்தார் குரு தேக் பகதூர். அவருடைய மகனான குரு கோவிந்த சிங், தந்தையை ஒன்பது வயதில் இழந்தார். பின்னாளில் தம் நான்கு புதல்வர்களையும் இழந்தார். அவர் இறைவனிடம் சினம் கொள்ளவுமில்லை, கைகட்டி உட்காரவுமில்லை. நேர்ந்துவிட்டதை ஏற்பதும், இனி நேராமல் தடுக்கப் பாடுபடுவதும் ஒரே நம்பிக்கையின் இரு கரங்கள் என்பதை அவரது வாழ்க்கை காட்டுகிறது.

ஆகவே 'ஏன்?' என்ற கேள்விக்கு உடனே விடை தராமலிருப்பதும் ஓர் ஆன்மிகப் பண்பே. நம்பிக்கை என்பது எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருப்பது என்று கருத வேண்டாம். விளக்கம் கிடைக்காத இருளிலும் இறைவனின் கையை விடாமலிருப்பதே நம்பிக்கை.

தொண்டு என்னும் மருந்து

சத்வந்த் சிங் கலேகாவின் மூத்த மகன் பர்தீப் சிங் கலேகா, முன்பு காவல்துறையில் பணியாற்றியவர். தந்தையை இழந்தபோது ஆசிரியராக இருந்தார். 'ஏன்?' என்ற கேள்வி அவரையும் வாட்டியது. அதற்கு விடை தேடி, இரண்டு மாதங்களுக்குப் பின்னர், எவரும் எதிர்பாராத ஒரு மனிதரை அவர் நாடினார். அவர் பெயர் ஆர்னோ மிக்கேலிஸ். கொலையாளி பின்னாளில் சேர்ந்த அதே வெள்ளை இனவெறி இயக்கத்தின் தொடக்க நாட்களில் முன்னணியில் நின்றவர் அவர். 1990-களின் நடுப்பகுதியில் அதிலிருந்து விலகி, வெறுப்பின் தீமையை எடுத்துரைத்து வந்தவர்.

ஆர்னோவின் மனத்தை மாற்றியவை எவை? தன் குழந்தையைத் தனியாக வளர்க்கும் பொறுப்பு ஒரு காரணம். தாம் வெறுத்த மக்களே தம்மிடம் காட்டிய அன்பு மற்றொரு காரணம். அவர் விரலில் இனவெறிச் சின்னத்தைப் பச்சை குத்தியிருந்ததை உணவகம் ஒன்றில் பணியாற்றிய வயதான கறுப்பினப் பெண்மணி கண்டார். அவர் சினம் கொள்ளவில்லை. 'நீ இப்படிப்பட்டவன் அல்லன் என்று எனக்குத் தெரியும்' என்ற கருத்தில் கனிவாகப் பேசினார். அந்தக் கனிவை ஆர்னோவால் மறக்க முடியவில்லை. ஒவ்வோர் உயிரிலும் மறைந்திருக்கும் தெய்விகத்தை நோக்கிப் பேசுவது வேதாந்தம் கூறும் வழி. வேதாந்தம் என்ற சொல்லையே கேள்விப்பட்டிராத ஒருவரும் அதை வாழ்ந்துகாட்டலாம் என்பதற்கு அந்தப் பெண்மணி சான்று.

வெறுப்பால் தந்தையை இழந்தவரும், வெறுப்பை ஒருகாலத்தில் விதைத்தவரும் நண்பர்களாயினர். இருவரும் இணைந்து பள்ளிகளுக்குச் சென்று மாணவர்களிடையே அன்பையும் தொண்டுணர்வையும் வளர்க்கும் பணியில் ஈடுபட்டனர். தங்கள் அனுபவங்களை 2018-இல் நூலாகவும் வெளியிட்டனர். ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் நினைவு ஓட்டம் ஒன்றும் ஓக் கிரீக்கில் நடந்து வந்தது. மறைந்த அறுவரின் நினைவாக ஆறு கிலோமீட்டர்; அதன் பெயரே 'சர்தி கலா'. கொலை நடந்த நாளை அழுகைக்கு மட்டும் விட்டுவிடாமல், ஊரார் அனைவரும் சேர்ந்து நடக்கும் நாளாக அவர்கள் மாற்றினர்.

துயரம் ஒரு பேராற்றல். அதைத் தேக்கி வைத்தால் உள்ளத்தை அரிக்கும்; கரை உடைந்தால் பிறரை அழிக்கும்; வாய்க்கால் வெட்டிவிட்டால் பயிரை வளர்க்கும். அந்த வாய்க்காலே சேவை. தொண்டு செய்வதால் துயரம் மறைந்துவிடும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆனால் துயரத்திற்கு ஒரு திசை கிடைக்கிறது. இழந்த அன்பைச் செலுத்த வேறோர் உயிர் கிடைக்கிறது.

மன்னிப்பும் நீதியும்

இனி, எல்லாவற்றிலும் கடினமான கேள்விக்கு வருவோம். கொன்றவனை மன்னிப்பது கடமையா?

திரௌபதியின் வரலாறு இங்கே வழிகாட்டுகிறது. உறங்கிக்கொண்டிருந்த அவளுடைய ஐந்து புதல்வர்களையும் இரவோடிரவாகக் கொன்றான் அசுவத்தாமன். மகாபாரதத்தின் சௌப்திக பர்வத்தில், அவன் தண்டிக்கப்படும்வரை உண்ணேன் என்று அவள் நோன்பிருக்கிறாள். ஸ்ரீமத் பாகவதத்திலோ, கட்டப்பட்டுக் கொண்டுவரப்பட்ட அசுவத்தாமனைக் கண்டதும் அவனை விட்டுவிடுமாறு வேண்டுகிறாள். பிள்ளைகளை இழந்து தான் அழுவதுபோல் இவனுடைய தாயும் அழ வேண்டாம் என்பதே அவள் கூறும் காரணம். இவ்விரண்டையும் முரண்பாடு என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நீதி கேட்டுக் கொதித்த தாயுள்ளமும், இன்னொரு தாயின் கண்ணீரை எண்ணி இளகிய தாயுள்ளமும் ஒன்றே. முதல் நிலைக்காக அவளை எந்த நூலும் இகழவில்லை. இரண்டாவது நிலைக்கு அவளை எவரும் வற்புறுத்தவுமில்லை. கருணை அவளுக்குள்ளிருந்தே சுரந்தது. அதனால்தான் அது போற்றத்தக்கதாயிற்று.

பாகவதத்தில் அசுவத்தாமன் தண்டனையின்றி விடப்படவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அவனுடைய தலைமணி பறிக்கப்பட்டது, பெருமை பறிக்கப்பட்டது, பாசறையிலிருந்து அவன் துரத்தப்பட்டான். உயிரைப் பறிக்காத கருணையும், குற்றத்தைக் குற்றம் என்று அறிவித்த நீதியும் அங்கே ஒருசேர நின்றன.

ஓக் கிரீக் அன்பர்களும் இவ்விரண்டையும் கைவிடவில்லை. தாயை இழந்த 18 வயது மாணவர் ஒருவர் 2012 செப்டம்பர் மாதத்தில் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். சீக்கியர்களுக்கு எதிரான வெறுப்புக் குற்றங்களை அரசு தனியே கணக்கிட வேண்டும் என்பது அவரது கோரிக்கை. அதுவரை அத்தகைய கணக்கெடுப்பு இல்லை. அந்தக் கோரிக்கை ஏற்கப்பட்டு, 2015 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மன்னிக்கும் மனம் உண்மையைப் பதிவு செய்வதற்குத் தடையாகாது.

மன்னிப்பு காலத்தால் கனிய வேண்டிய கனி என்பதற்கு வேறொரு குடும்பத்தின் வரலாறு சான்றாகிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு நான்கு நாட்களுக்குப் பின், அரிசோனா மாநிலத்தின் மேசா நகரில் தம் பெட்ரோல் நிலையத்தின் முன் செடிகள் நடும் வேலையில் ஈடுபட்டிருந்த பல்பீர் சிங் சோதி என்ற சீக்கியர், அவரது தலைப்பாகையைக் கண்டு வெறிகொண்ட ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தம்பி ராணா சிங் சோதி, சிறையிலிருந்த அந்தக் கொலையாளியுடன் 2016-இல் தொலைபேசியில் பேசினார். அவன் தன் செயலுக்காக வருந்தினான். தம்பி தம் மன்னிப்பைத் தெரிவித்தார். இடையே கடந்தவை 15 ஆண்டுகள். அவன் தண்டனையை அனுபவித்துக் கொண்டிருந்த நிலையிலேயே இந்த மன்னிப்பு வழங்கப்பட்டது. சிறைக் கதவைத் திறக்க அது உதவவில்லை. இரு உள்ளங்களின் கதவைத் திறக்க உதவியது.

பாரத நாடும் இந்தச் சோதனையைக் கடந்து வந்துள்ளது. 1948 ஜனவரி 30-ஆம் நாள் டெல்லியில் பிரார்த்தனைக்குச் சென்றுகொண்டிருந்த மகாத்மா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டபோது, காந்தியடிகளின் புதல்வர்களான மணிலாலும் ராமதாசும் அவனது உயிரைப் பறிக்க வேண்டாம் என்று வேண்டினர். அரசு அந்த வேண்டுகோளை ஏற்கவில்லை. 1949 நவம்பரில் தண்டனை நிறைவேற்றப்பட்டது. அரசின் கடமை எது, மக்களின் உள்ளம் எது என்பதில் கருத்து வேறுபடலாம். ஆயினும் தந்தை வாழ்ந்துகாட்டிய அகிம்சையைத் தந்தையின் மரணத்திலேயே கடைப்பிடிக்க முயன்ற புதல்வர்களின் உறுதி வணங்கத்தக்கது.

ஆனந்தபூர் முற்றுகையின்போது பாய் கன்னையா என்ற சீக்கியர், காயமுற்றுக் கிடந்த எதிரி வீரர்களுக்கும் தண்ணீர் வழங்கினார். இதைப் பற்றிக் குரு கோவிந்த சிங்கிடம் சிலர் முறையிட்டனர். குருதேவர் அவரை அழைத்து விசாரித்தார். எல்லா முகங்களிலும் தமக்குக் குருவின் முகமே தெரிவதாகப் பாய் கன்னையா கூறினார். மகிழ்ந்த குருதேவர், இனி தண்ணீருடன் காயங்களுக்கு மருந்தும் இடுமாறு பணித்தார். போர் நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே நிகழ்ந்தது இது. தற்காப்பும் கருணையும் ஒரே பாசறையில் வாழ முடியும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

துக்க வீட்டில் சாதகனின் கடமை

இவற்றிலிருந்து, துயருற்றோரை நாடிச் செல்லும் ஒரு சாதகன் கற்க வேண்டியது என்ன?

மணிமோகன் மல்லிக் என்ற பக்தர், வளர்ந்த மகனை இழந்து, ஈமக்கடன் முடிந்ததும் நேரே தட்சிணேசுவரத்திற்கு ஓடிவந்தார். அங்கிருந்தவர்கள் வழக்கமான ஆறுதல் மொழிகளைக் கூறத் தொடங்கினர். ஸ்ரீராமகிருஷ்ணர் முதலில் எதுவும் பேசவில்லை. அவர் தம் வேதனையைக் கொட்டித் தீர்க்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர் எழுந்து, மரணத்தை எதிர்த்து நிற்கும் வீரம் பொங்கும் பாடலொன்றைப் பாடினார். அதன் பின்பே அருகில் அமர்ந்து, புத்திர சோகத்தைப் போன்ற நெருப்பு வேறில்லை என்ற கருத்தைக் கூறி, அட்சயனின் மரணத்தில் தாம் பட்ட வேதனையையும் பகிர்ந்துகொண்டார்.

இந்த வரிசையே ஒரு பாடம். முதலில் செவி, அடுத்து இறைவனின் நினைவு, அதன் பின்னர், 'உன் துயரை நானும் அறிவேன்' என்ற தோழமை. உபதேசம் கடைசியில்தான் வருகிறது. அதுவும் தேவையானால் மட்டுமே. பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றி, முதலிலேயே உபதேசத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். துக்க வீட்டில் அடுப்பெரியாத வேளையில் உணவு கொண்டுசெல்பவர், குழந்தைகளைக் கவனித்துக்கொள்பவர், பதினாறாம் நாள் கழிந்து உறவினர் அனைவரும் சென்ற பின்னரும் வந்து எட்டிப் பார்ப்பவர் ஆகியோரே உண்மையில் கீதையை உரைப்பவர்கள்.

ஓக் கிரீக்கிலிருந்து சிகாகோ நகரம் வெகு தொலைவில் இல்லை. சமயவெறிக்கு முடிவு வர வேண்டும் என்று 1893-இல் சுவாமி விவேகானந்தர் முழங்கிய நகரம் அது. அவரது கனவு நிறைவேறிவிட்டது என்று சொல்ல முடியாது. அந்த வாயிலிலுள்ள துளையே அதற்குச் சான்று. ஆனால் அதே வாயில் வழியாக வாரந்தோறும் மக்கள் உள்ளே சென்று இறைவனை வணங்குகிறார்கள். அனைவரின் நலத்தையும் வேண்டுகிறார்கள். வருகின்ற எவருக்கும் உணவளிக்கிறார்கள். வெறுப்பு ஒருமுறை உள்ளே வந்தது. அன்பு நாள்தோறும் வந்துகொண்டிருக்கிறது. சுவாமிஜியின் கனவு அங்கே உயிரோடிருக்கிறது.

சிந்தனைக்கு

1. ஆன்மா அழிவற்றது என்ற ஞானமும், பிரிவில் வருந்தும் அன்பும் ஒரே உள்ளத்தில் எவ்வாறு சேர்ந்து வாழ முடியும்? அர்ஜுனனின் வாழ்விலிருந்து விளக்குக.

2. கர்மக் கோட்பாட்டைத் தனக்குப் பயன்படுத்துவதற்கும் பிறர்மீது சுமத்துவதற்கும் உள்ள வேறுபாடு என்ன?

3. திரௌபதியின் இரு நிலைகளையும் ஒப்பிட்டு, மன்னிப்பை ஏன் எவரிடமும் கட்டாயப்படுத்திப் பெறக் கூடாது என்பதை ஆராய்க.

4. அண்மையில் துயருற்ற குடும்பம் ஒன்று அறிமுகத்தில் இருக்குமானால், இந்த வாரம் அங்கே சென்று, உபதேசம் எதுவுமின்றி அரைமணி நேரம் உடனிருந்து, செய்யக்கூடிய ஒரு சிறு பணியைச் செய்து வருக.